கருங்காலியின் கார்

‘கிடக்கட்டும் உடு மனே’ என்று தொலைபேசியில் சொன்னீரே, அதைக் கேட்டுத்தான் இந்த ஆசனத்துக்கு மாறி வந்தேன். மட்டக்களப்புத்தானே? எனக்கு ஒரு சொல் போதும். நான் யாழ்ப்பாணம். உடனே முகத்தைச் சுளிக்க வேண்டாம், பிள்ளை. நான் ஊர் பார்க்கிறவன் அல்ல, வர்க்கம் பார்க்கிறவன்.

விமான நிலையம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாம். அதுவரைக்கும் இந்தப் பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் பிணத்தோடு போகிறவர்கள்கூட இதைவிடக் கலகலப்பாகப் போவார்கள். மூன்று மாதம் இருந்தேன் இந்த யப்பானில். எல்லாரும் குனிகிறார்கள். விற்கிறவன் குனிகிறான், வாங்குகிறவன் குனிகிறான், தெருவைத் தோண்டுகிறவன் தோண்டுவதற்கு மன்னிப்புக் கேட்டுக் குனிகிறான். இப்படிக் குனிகிற நாட்டில் வேலைநிறுத்தம் எங்கே நடக்கப்போகிறது என்று நினைத்தேன். நடந்திருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நீர் என்ன வேலை? முதியோர் இல்லத்திலா. கிழவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி. சங்கம் இருக்கிறதா? இல்லை. நினைத்தேன். இருக்கட்டும். குறிப்பேடெல்லாம் யப்பான் எழுத்தில்தானே எழுத வேண்டும்? அப்படியானால் வாசிக்கவும் வரும். நல்லது. என்னிடம் ஒரு கடிதம் இருக்கிறது. இப்போது வேண்டாம். எழுதியவன் யார் என்று தெரியாமல் வாசித்தால் அதன் பெறுமதி உமக்கு விளங்காது.

எழுதியவன் ஒரு கருங்காலி. உடன் வேலை செய்கிறவன் வாசலில் பட்டினி நிற்க, பின்பக்கத்தால் உள்ளே போய் முதலாளிக்கு வேலை செய்கிறவனை அப்படித்தான் சொல்வோம். ஐம்பது வருடத்தில் நூற்றுக்கணக்கான கருங்காலிகளைப் பார்த்திருக்கிறேன். என் முன்னால் தலையை நிலத்தில் வைத்து அழுதவன் இவன் ஒருவன்தான்.

நான் ரயில்வேப் பொருட் களஞ்சியத்தில் சிற்றூழியன். படிப்பு எட்டாம் வகுப்பு. மிச்சத்தை எனக்குக் கற்பித்தவை இருபது சதத் துண்டுப்பிரசுரங்கள். பிறகு நானே எழுதினேன். எழுபத்திரண்டு பிரசுரம். என்னைப்பற்றி எவன் என்ன பொய் சொன்னாலும் மறுநாள் காலைக்குள் என் மறுப்பு அச்சாகி வாசலில் நிற்கும். ‘முதலாவது பிழை, இரண்டாவது பிழை’ என்று எண் போட்டு எழுதுவேன். பன்னிரண்டு பிழைக்குக் குறைந்து ஒருவனையும் விட்டதில்லை. எண்பதாம் ஆண்டு யூலை வேலைநிறுத்தம் கேள்விப்பட்டிருப்பீர். கேள்விப்படவில்லையா? உம்முடைய குற்றம் அல்ல, பாடப்புத்தகம் எழுதியவர்களின் குற்றம். குறித்த நாளுக்குள் வந்து பதிவேட்டில் கையெழுத்து வைக்காதவனுக்கு வேலை இல்லை என்றது அரசாங்கம். பலர் ஓடிப்போய் வைத்தார்கள். நான் வைக்கவில்லை. பிறகு வருத்தக் கடிதம் எழுதிக் கொடுத்து வேலைக்குத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களுடைய பெயர்கள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஒருவன் மகளின் கலியாணத்துக்கு அழைப்பிதழ் அனுப்பினான். திருப்பி அனுப்பினேன்.

சரி, காருக்கு வருகிறேன்.

என் மகள் பெயர் செங்கொடி. நான் வைத்த பெயர். இங்கே அவளுடைய விசிட்டிங் கார்ட்டில் ‘கோடி’ என்று இருக்கிறது. பழைய யப்பான் கார்களைத் தேடிப் பிடித்து வெளிநாட்டுக்குக் கப்பலில் ஏற்றி விற்கிறாள். நாலு பேர் குந்தி வேலைக்குப் போகிற கார் என்றால் ஒரு நியாயம் இருக்கும். இது ஐம்பது வருடப் பழசு. மெல்பேர்ணில் ஒரு பல் வைத்தியன் வாங்குகிறானாம். வாங்கி, ஓட்ட மாட்டானாம். வெப்பமாக்கிய கொட்டகைக்குள் வைத்து ஞாயிற்றுக்கிழமை துடைப்பானாம். கோயில் சிலைக்காவது வருடத்தில் ஒரு நாள் வீதியுலா உண்டு.

தேடுகிற விதத்தைக் கேளும். இலை உதிர்ந்த பிறகுதான் கிளம்புவாள், அப்போதுதான் தோட்டங்களுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகை கண்ணில் படும். சின்ன வான் ஒன்றில் வயல் வழியெல்லாம் ஊர்ந்து போவாள். தார்ப்பாய்க்கு அடியில் ஏதாவது வளைவாகத் தெரிந்தால் நிறுத்துவாள். உடனே கார் இருக்கிறதா என்று கேட்கமாட்டாள். தோடம்பழப் பெட்டியோடு போய்க் காலநிலை பேசுவாள். மூன்றாம் முறை, நாலாம் முறைதான் கொட்டகைக்குள் காலடி. கைக்குட்டையில் சுற்றிய காந்தத் துண்டு ஒன்று வைத்திருக்கிறாள். அதைக் காரின் உடம்பில் மெல்ல ஓடவிடுவாள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, துருவை வெட்டிவிட்டுப் பசை பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘உன்ர முதலாளிமாரில வைச்சுப் பார், ஒரு இடத்திலயும் ஒட்டாது’ என்றேன். அவள் சிரிக்கவில்லை. தாயைப்போல. தாயும் என் பகிடிக்குச் சிரித்ததில்லை.

மொரிஷிதா என்கிற இந்தக் கிழவனை அவள் இரண்டு வருடம் சுற்றினாள். வயது எண்பத்துமூன்று, மனைவி இல்லை. கொட்டகையில் எழுபத்தோராம் ஆண்டு இரண்டு கதவுக் கார் ஒன்று. பக்கக் கண்ணாடிகள் கதவில் இல்லை, முன் மட்கார்ட்டின் மேலே நண்டுக் கண்போல நிற்கும். எந்தக் கம்பனி என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கு விளம்பரம் செய்ய நான் ஆள் இல்லை. அந்தக் கம்பனியில்தான் கிழவன் நாற்பது வருடம் வேலை செய்தவன். புதிதாக வாங்கிய நாளிலிருந்து கைமாறாத கார், பழைய இலக்கத் தகடுகூட மாறவில்லை, அப்படி ஒன்று பத்து வருடத்துக்கு ஒருக்காத்தான் கிடைக்குமாம். அதற்காக இவள் அவனுடைய தோட்டத்தில் களை பிடுங்கினாள். அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினாள். என் மகள், பிள்ளை. என் இரத்தம். ஒரு பழைய தகரத்துக்கு இரண்டு வருடம் கும்பிடு.

கடைசியில் கிழவன் இறங்கி வந்தான். எப்படி? ‘இது பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி. கொடுப்பதற்கு முன் உன்னுடைய தகப்பனை நான் பார்க்க வேண்டும்’ என்றானாம்.

எனக்கு டிக்கெட் வந்தது. பதினாறு வருடம் இந்த நாட்டில் இருக்கிறாள், ஒரு நாள் வாருங்கோ அப்பா என்றதில்லை. திடீரென்று டிக்கெட். நான் மடையன், மகள் தகப்பனைத் தேடுகிறாள் என்று நினைத்துப் புதுச் சப்பாத்து வாங்கினேன். வந்து இறங்கிய மூன்றாம் நாள்தான் விஷயத்தைச் சொன்னாள். காருக்காக.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். அதற்குமேல் தள்ள முடியாது. கிழவனுடைய மகன் அவனை உம்முடையதுபோல் ஓர் இல்லத்தில் சேர்க்கப்போகிறான், காணியை வெறுமையாக்கித் தர வேண்டும். திங்கட்கிழமை இரும்புக்காரர் நகம் வைத்த இயந்திரத்தோடு வந்து கொட்டகையைக் காரோடு சேர்த்து நொறுக்கி அள்ளுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை கிழவன் முத்திரை குத்தினால் கார் கப்பலேறும், குத்தாவிட்டால் கசங்கும். உமக்குத் தெரியும்தானே, இங்கே கையெழுத்துக்கு மதிப்பில்லை. நகரசபையில் பதிந்த முத்திரை விழாமல் ஒரு காரும் நாட்டைவிட்டு அசையாது.

வானை ஓட்டிக்கொண்டே மகள் சொன்னாள்: “அப்பா, இண்டைக்கு மட்டும் வாயைத் திறக்காதேங்கோ. தலையை ஒருக்காக் குனிஞ்சு, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வருவம்.”

“குனியவோ? நானோ?”

“கழுத்து முறியாது.”

“அமைச்சருக்கே குனியாத கழுத்தடி இது.”

“தெரியும். அந்தக் கழுத்தைப் பாத்துப் பாத்துத்தானே நாங்கள் வளந்தது.”

பாரும், அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருக்கிறது.

வீடு சின்னது. வாசலில் தோல் சீவிய பழங்களைக் கயிற்றில் கோர்த்துக் காயவிட்டிருந்தான். கிழவன் கறுப்புக் கோட்டுப் போட்டுக் காத்திருந்தான், சாவீட்டுக்குப் போடுகிற கோட்டு என்று மகள் பிறகு சொன்னாள். காரைக் கழுவி வெளியே நிறுத்தியிருந்தான். நாங்கள் பாயில் உட்கார்ந்தோம். நடுவில் தாழ்ந்த மேசை, அதன்மேல் பத்திரம், பக்கத்தில் சின்னப் பெட்டிக்குள் முத்திரை. நான் குனியவில்லை. அவன் எனக்கும் சேர்த்துக் குனிந்தான்.

தேத்தண்ணி வந்தது. சீனி இல்லை, பால் இல்லை. புல் ஊறின தண்ணி.

“நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேக்கிறார்,” என்றாள்.

“சொல்லு. ரயில்வேத் தொழிலாளி. வேலைநிறுத்தத்தில வேலை போனவன் எண்டு சொல்லு.”

“அது தேவையில்லை அப்பா.”

“சொல்லு எண்டுறன்.”

சொன்னாள். கிழவன் கோப்பையைக் கீழே வைத்தான். வெளியே நின்ற காரைப் பார்த்தான். பிறகு பேசத் தொடங்கினான். மகளுக்கு முகம் மாறியது.

அவனுக்குப் பதினெட்டு வயதில் அந்தத் தொழிற்சாலையில் பெரிய வேலைநிறுத்தம். நூறு நாள். கம்பனிக்காரன் வாசலைப் பூட்டிவிட்டு, தன் சொல் கேட்கிற இரண்டாம் சங்கம் ஒன்றை உண்டாக்கினான். அதில் சேர்ந்தால் உள்ளே வரலாம். இவன் சேர்ந்தான். வீட்டில் தாய் சயரோகத்தில் இருந்தாளாம், கீழே ஐந்து சகோதரமாம், வத்தாளங்கிழங்கின் கொடியை அவித்துத் தின்றார்களாம். விடியக்காலையில் மதிலேறிப் போனானாம். வாசலில் நின்றவர்களில் இவனுக்கு வேலை பழக்கின ஆளும் ஒருவராம், அவர் இவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம், இவன் திரும்பிப் பார்க்கவில்லையாம். பழைய சங்கம் முறிந்தது. உள்ளே போனவர்களைக் கம்பனி உயர்த்தியது. அந்த உயர்வில் வாங்கியதுதான் இந்தக் கார்.

“அதனால்தான் தகப்பனைப் பாக்க வேணும் எண்டு கேட்டாராம்,” என்று மகள் சொன்னாள். “நீங்கள் ஸ்ட்ரைக்கில நிண்டவர் எண்டு நான் எப்பவோ சொன்னதை ஞாபகம் வைச்சிருக்கிறார். உங்களுக்குச் சொல்லாமல் இந்தக் காரை எனக்குத் தரேலாதாம். நீங்கள் மன்னிச்சால் முத்திரை குத்துவாராம். இல்லாட்டி நாளைக்கு நொறுங்கட்டுமாம்.”

பிறகு மெதுவாக, “அப்பா,” என்றாள்.

என் இடத்தில் நீர் இருந்தால் என்ன செய்திருப்பீர்? தோழமையாகத் தோளில் தட்டி, விடும் ஐயா, பழங்கதை என்றிருப்பீர். அதனால்தான் உமக்குச் சங்கம் இல்லை.

நான் எழும்பி நின்றேன். அந்த வீட்டின் தாழ்ந்த உத்தரம் என் தலையில் இடித்தது, அப்படியும் நின்றேன். இருபது நிமிடம் பேசினேன். கடைசியாக அப்படிப் பேசி இருபத்தைந்து வருடம் இருக்கும். தாயின் நோயைக் காட்டித் துரோகத்தை விற்காதே என்றேன். பசி உனக்கு மட்டுமா என்றேன். வாசலில் நின்ற ஒவ்வொருவனுக்கும் வீட்டில் ஒரு தாய் இருந்தாள் என்றேன். நீ ஏறியது மதில் அல்ல, உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனிதனின் முதுகு என்றேன். கடைசியில் ஒரே வசனம்: கருங்காலிக்கு மன்னிப்பு இல்லை.

மகள் தலை குனிந்திருந்தாள். “சொல்லு,” என்றேன்.

சொன்னாள். நீளமாகச் சொன்னாள். என்னுடைய இருபது நிமிடத்துக்கு அவளும் பத்து நிமிடம் எடுத்தாள், ஒரு இடத்தில் குரல் உடைந்து நின்று திரும்பவும் தொடங்கினாள். மொழிபெயர்க்கிறவளே அழுதாள் என்றால் பேச்சின் வலிமையை யோசியும். நடுவில் மங்களேஸ்வரி என்ற பெயர் வந்தது. அது என் மனைவி, இறந்து இருபத்தேழு வருடம். அவளை நான் பேச்சில் சொல்லவில்லை. ஏதோ உதாரணத்துக்குச் சேர்த்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். மேடையில் மொழிபெயர்ப்பவர்களுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

கிழவன் என்னைப் பார்த்தான். பிறகு பாயில் இரண்டு கையையும் ஊன்றி, நெற்றியை நிலத்தில் வைத்தான். முதுகு குலுங்கியது. எழும்பினான், பெட்டியைத் திறந்தான், முத்திரையைச் சிவப்பில் தொட்டுப் பத்திரத்தில் குத்தினான்.

பார்த்தீரா? மன்னித்தால்தான் குத்துவேன் என்று நிபந்தனை போட்டவன். மன்னிப்பு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். நிபந்தனையைக் கைவிட்டுக் குத்தினான். இதைத்தான் நான் நாற்பது வருடம் சங்கக் கூட்டங்களில் அடித்துச் சொன்னேன், ஒரு மடையனும் கேட்கவில்லை. விட்டுக் கொடுக்காதே, எதிரி பணிவான். பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்று போனவர்களெல்லாம் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்கள்.

வாசலில் ஒரு பை நிறைய அந்தக் காய்ந்த பழங்களைத் தந்தான். இதோ. எடும் ஒன்று. கருங்காலியின் பழம், ஆனால் பழத்தில் பிழையில்லை.

திரும்பி வரும்போது மகள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு வானை ஓட்டினாள். காரைப் பின்னால் கட்டி ஏற்றிய லொறி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடம் அலைந்து கிடைத்த சாமான், கொஞ்சம் சந்தோஷப்படலாம். நான்தான் கேட்டேன்.

“நான் சொன்னதைச் சரியாச் சொன்னியோ?”

“சொல்ல வேண்டியதைச் சொன்னனான், அப்பா.”

நன்றி என்று ஒரு சொல் இல்லை. அந்தக் காரைக் காப்பாற்றியது யாருடைய வாய்? என்னை வாய் திறக்க வேண்டாம் என்றவள்.

இன்று காலை கடிதம் வந்தது. உறையில் என் பெயர். இவள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிரிக்கவில்லை. “வாசி” என்றேன். “நான் வாசிக்க மாட்டன். வழியில ஆராவது தமிழ்ச்சனம் கண்டால் வாசிப்பியுங்கோ” என்றாள். இன்றைக்கு அந்தக் கார் கப்பலில் ஏறுகிறதாம், துறைமுகத்தில் நிற்க வேண்டுமாம். தகப்பனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் காரை வழியனுப்பப் போயிருக்கிறாள். ஆனால் பஸ் புறப்படும்வரை நின்றாள். அதைச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்தைத் தடவிக் காட்டினாள், குளிருக்குச் சால்வையைச் சுற்றச் சொல்லி.

சரி. இப்போது வாசியும். கிறுக்கலாக இருக்கும், கிழவனின் கை. நிதானமாக வாசியும். ஒரு கருங்காலி எழுதிக் கொடுத்த குற்ற ஒப்புதல், இதை நான் ஊரில் அச்சடிக்கப்போகிறேன். எழுபத்துமூன்றாவது பிரசுரம்.

ம். குளிர், தேகசுகம், அதெல்லாம் இவர்களுடைய வழக்கம். தாண்டும்.

‘அன்று தாங்கள் சொன்ன வார்த்தைகளை நான் இறக்கும்வரை மறக்க மாட்டேன்.’ ஆ. மேலே.

‘அறுபத்தைந்து வருடமாக அந்த வாசலில் நின்றவர்களில் ஒருவராவது என்னோடு பேச மாட்டாரா என்று காத்திருந்தேன்.’ மேலே, மேலே.

‘வாசலில் நின்றவனும் மதிலேறியவனும் ஒரே பசியிலிருந்துதான் போனார்கள் என்று தாங்கள் சொன்னபோது’...

நில்லும். அப்படி நான் சொல்லவில்லை. பசி உனக்கு மட்டுமா என்று கேட்டேன். அது வேறு. நீர் எத்தனை வருடம் இந்த மொழி படித்தீர்? நாலா? அது போதாது. சரி, வாசியும்.

‘தங்கள் மனைவியாரைப்பற்றிச் சொன்னபோது’... என்ன? நான் அவளைப்பற்றி ஒன்றும்... வாசியும், வாசியும்.

‘கடைசி நாள் காலையில் தங்கள் மனைவியார் வெள்ளைச் சேட் ஒன்றைத் தேய்த்து மினுக்கிக் கதவில் கொழுவிவிட்டு, போய் ஒரு கையெழுத்து மட்டும் வைத்துவிட்டு வாருங்கள் என்று கேட்டார் என்றும், தாங்கள் போகவில்லை என்றும், அந்தச் சேட் மூன்று நாள் அந்தக் கதவிலேயே தொங்கியது என்றும்...’

ஏன் நிறுத்தினீர்? கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசியும். உம்முடைய வீட்டுக் கதை அல்ல இது.

‘நான் மதிலேறினேன், என் தாய் அதன்பின் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தாள். தாங்கள் ஏறவில்லை, தங்கள் மனைவியார் இரவும் பகலும் தையல் இயந்திரம் மிதித்தே இறந்தார். நம் இருவரில் யாருக்கு யாரை மன்னிக்க அருகதை உண்டு என்று கேட்டீர்கள். அதற்குத்தான் தலை வணங்கி முத்திரை குத்தினேன்.’

அவ்வளவுதானா? கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக இருப்பது முத்திரையா. அதே முத்திரைதான்.

தாரும் இங்கே. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அந்தச் சேட் கதையை நான் ஒரு உயிரிடமும் பேசியதில்லை. தாய்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல், எந்த நேரத்திலோ.

அந்தப் பேனையை எடும். காகிதம் இல்லாவிட்டால் இந்த உறையின் பின்பக்கம் போதும். மறுப்பு எழுத வேண்டும். நான் சொல்லச் சொல்ல நீர் அவர்களுடைய எழுத்தில் எழுதும், விமான நிலையத்தில் தபாலில் போட்டுவிடலாம். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது, அந்த வேலையை ஏற்கெனவே ஒருத்தி பார்த்துவிட்டாள்.

எழுதும். மொரிஷிதா அவர்களுக்கு. உமது கடிதத்தில் உள்ள பிழைகள் வருமாறு.

முதலாவது பிழை. அது வெள்ளைச் சேட் அல்ல. நீலக் கோடு போட்டது. கழுத்துப்பட்டியில் ஒரு இடம் தைத்திருந்தது. எழுதினீரா?

இரண்டாவது பிழை.

நில்லும் பிள்ளை. யோசிக்க விடும்.